ஸ்ருதிப் பெட்டியைக் கொஞ்சம் அணையுங்கள்

ஃப்யூஷன் குழுக்களில் பாடியும் வாசித்தும் வரும் இளம் கர்நாடக இசைக் கலைஞர்களுக்கு,



ஃப்யூஷன் என்றாலே முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். 'சங்கீதம் கெட்டுப்போகிறது' என்று புலம்புவதற்காக இந்த மடலை எழுதவும் இல்லை. அந்த வேலைக்கு ஊரில் வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். என் குறை அதற்கு நேர் எதிரானது. நீங்கள் போதுமான அளவு கலக்கவில்லை என்பதுதான் என் குறை.

மேடையில் டிரம்ஸ் இருக்கிறது, பேஸ் கிட்டார் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது. ஜாஸும் கர்நாடக சங்கீதமும் கைகோக்கும் மாலை என்று அறிவிப்பாளர் சொல்கிறார். திரை விலகியதும் நடப்பது என்ன? ஹம்ஸத்வனி, கீரவாணி, சாருகேசி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. பேஸ் ஒரே ஸட்ஜத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறது. கீபோர்டுக்காரர் ஒரே கார்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் ஆலாபனை, கிருதி, கற்பனாஸ்வரம் என்று வழக்கமான கச்சேரியையே சுருக்கிப் பாடுகிறீர்கள். கடைசியில் மிருதங்கமும் டிரம்ஸும் சேர்ந்து நீளமாக ஒரு கோர்வை. மூன்றாம் முறை அது எடுப்பில் வந்து விழுந்ததும் அரங்கம் அதிர்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஜாஸ் எங்கே இருக்கிறது? ஜாஸ் வாசிக்கத் தெரிந்த நாலு பேர் மேடையில் இருந்தார்கள் என்பதைத் தவிர?

அந்தக் கோர்வையையே எடுத்துக்கொள்வோம். டிரம்மர் அதை எப்படிக் கற்றார்? நீங்கள் சொல்லுக்கட்டைச் சொல்ல, அவர் தாளில் குறித்துக்கொண்டு, வீட்டில் தொடையில் தாளம் போட்டுப் பழகி, ஐந்தும் ஏழும் ஒன்பதும் எங்கெங்கே விழுகின்றன என்று நெட்டுருப் போட்டுக்கொண்டு வருகிறார். பதிலுக்கு நீங்கள் அவரிடம், அல்லது பேஸ் வாசிப்பவரிடம், அல்லது பியானோக்காரரிடம் என்ன கேட்டுக் கற்றீர்கள்? ஒத்திகைகளில் நம் பக்கத்திலிருந்து எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்தக் கட்டை? ஒன்றரையா, ஐந்தா?" அது முடிவானால் பேச்சு முடிந்தது.

இந்தக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் குலதெய்வம் ஒன்றுதான், 'சக்தி'. உங்களில் பலர் அந்த இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான் இந்தப் பக்கம் வந்திருப்பீர்கள். 1975 ஜூலை 5 அன்று, நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் சவுத்தாம்ப்டன் கல்லூரி மேடையில் பதிவானது அவர்களுடைய முதல் தட்டு. வெளிவந்தது அடுத்த ஆண்டு. கிட்டாரில் ஜான் மெக்லாஃப்ளின், வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன். இன்னும் இரண்டு தட்டுகள் வந்தன. 1978-இல் குழு கலைந்தது. 1997-இல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் மறுபடி கூடியது. பிறகு மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார், சங்கர் மகாதேவன் வந்தார். 2014-இல் ஸ்ரீநிவாஸ் மறைந்தார். 2023-இல் வெளிவந்த 'திஸ் மொமென்ட்' தட்டுக்கு 2024 பிப்ரவரியில் கிராமி கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேனும் போய்விட்டார்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத பகுதி அந்த முதல் தட்டுக்கு முந்தைய ஆண்டுகளில் இருக்கிறது. மெக்லாஃப்ளின் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே', 'பிட்சஸ் ப்ரூ' தட்டுகளில் வாசித்தவர். பிறகு 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்ற மின்னிசைக் குழுவை நடத்தி, ராக் ரசிகர்களை ஆயிரக்கணக்கில் திரட்டியவர். புகழின் உச்சியில் இருந்த அந்த ஆள் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் மாணவனாக உட்கார்ந்து வீணை கற்றார். எஸ். ராமநாதன் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து அதே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அப்படிப்பட்டவரிடம் ஸரளி வரிசைக்குப் போய் உட்கார்வதற்கு எவ்வளவு அகங்காரத்தைக் கழற்றி வைக்க வேண்டியிருந்திருக்கும்!

மெக்லாஃப்ளின் வைணிகர் ஆகிவிடவில்லை. ஆக முயலவும் இல்லை. கற்றதை எடுத்துக்கொண்டு கிட்டாருக்கே திரும்பினார். கிப்சன் நிறுவனத்தில் ஏபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞரைக் கொண்டு ஒரு கிட்டாரை மாற்றிக் கட்டினார். மெட்டுகளுக்கு இடையே இருக்கும் பலகையைக் குழிவாகச் செதுக்கினார்கள். விரல் பலகையில் மோதாமல் தந்தியை அழுத்தவும் இழுக்கவும் முடிகிறபோது கமகம் பிடிபடுகிறது. வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதன் பயனும் அதுதானே. ஒலித்துளையின் குறுக்கே சாய்வாக ஏழு தந்திகளைக் கட்டி, தாளத் தந்தி போல அவ்வப்போது மீட்டிக்கொண்டார். மின்சாரத்தை விட்டார், டிரம்ஸை விட்டார், காதைப் பிளக்கும் ஒலியை விட்டார். அவருடைய இசைத்தட்டு நிறுவனத்துக்கு இது பிடிக்கவில்லை. ராக் ரசிகர்களில் ஒரு பகுதி காணாமல் போனது.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். ஜாகிர் உசேன் வடக்கத்திக் கலைஞர். சக்திக்காகத் தெற்கத்திக் கணக்கைக் கற்றுக்கொண்டார். அன்றைக்குத் தபலாவுக்கும் கடத்துக்கும் இருந்த தூரம் கிட்டாருக்கும் வயலினுக்கும் இருந்த தூரத்தைவிடக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. எல். சங்கர் சிறு வயதை யாழ்ப்பாணத்தில் கழித்தவர். அங்கே இசைப் பேராசிரியராக இருந்த தந்தை வி. லட்சுமிநாராயணாவின் குடும்பம் 1958 கலவரத்துக்குப் பிறகு இந்தியா திரும்பியது. சங்கர் பின்னாளில் நார்வேயின் யான் கார்பரெக் போன்றவர்களோடு வாசிக்குமளவுக்கு ஜாஸ் உலகத்திலேயே வாழ்ந்தவர். ஆனாலும் அந்த முதல் தட்டைக் கவனித்துக் கேளுங்கள். பேஸ் இல்லை. பியானோ இல்லை. ஸட்ஜம் அசையவே இல்லை. மெக்லாஃப்ளின் எப்போதாவது இரண்டு கார்டு தூவுகிறார், அவ்வளவுதான். வந்தவர் நம் வீட்டுக்குள்ளேயே வந்து, நம் இலையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். முதல் விருந்து அப்படித்தான் நடந்திருக்க முடியும். ஐம்பது ஆண்டு கழித்தும் நாம் எதிர்வீட்டு வாசற்படி ஏறவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

வந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் நாகஸ்வரம் கற்றார். சாக்ஸஃபோன்காரர் சீவாளியைக் கடித்துப் பழகுவது விளையாட்டுக் காரியம் இல்லை. 1975-இல் எபர்ஹார்ட் வெபரின் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' தட்டில் அவர் அதை ஊதியிருக்கிறார். பிறகு பெங்களூரின் டி.ஏ.எஸ். மணி, ஆர்.ஏ. ராமமணி தம்பதியின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனோடு சேர்ந்து 1983-இல் 'ஜோதி' தட்டை வெளியிட்டார். அதற்கும் முன்னால், அறுபதுகளில், டான் எல்லிஸ் என்ற டிரம்பெட் கலைஞர் லாஸ் ஏஞ்சலிஸில் ஹரிஹர் ராவிடம் தாளம் படித்தார். இன்று ஆம்ஸ்டர்டாம் இசைக் கல்லூரியில் ரஃபேல் ரெய்னா என்ற ஆசிரியர் நம் தாளக் கணக்கை ஒரு முழுப் பாடத்திட்டமாக நடத்துகிறார். பருமனான பாடநூலும் எழுதியிருக்கிறார். யதி, நடை, அனுலோமம் எல்லாம் ஐரோப்பிய மாணவர்களுக்கு வீட்டுப்பாடமாகிவிட்டன. மறுபக்கம் பாருங்கள். நம் இசைக் கல்லூரிகளில் பட்டம் வாங்கிவந்த உங்களில் எத்தனை பேருக்கு ஒரு கார்டின் மூன்று ஸ்வரங்களைக் காதால் பிரித்துச் சொல்ல வரும்?

கார்டைக் கண்டுகொள்ளாத இந்த வழக்கம் இன்று நேற்றுத் தொடங்கியதும் இல்லை. முத்துஸ்வாமி தீட்சிதர் ஆங்கிலேயப் பட்டாள பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நாம் நொட்டுஸ்வரம் என்கிறோம். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், அழகான உருப்படிகள். அவருடைய தம்பி பாலுஸ்வாமி வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இருநூறு ஆண்டுகளாக வயலின் இல்லாமல் நமக்குக் கச்சேரியே இல்லை. ஆனால் அந்த பேண்டு வாசித்த மெட்டுக்கு அடியில் கார்டுகளும் ஓடியிருக்கும் அல்லவா? மெட்டை எடுத்தோம், வாத்தியத்தை எடுத்தோம், அடியில் ஓடியதை அங்கேயே விட்டுவிட்டோம். தீட்சிதர் செய்தது சரி, அவருக்கு அது தேவைப்படவில்லை. 'ஜாஸ் ஃப்யூஷன்' என்று நோட்டீஸ் அடிக்கிற உங்களுக்குத் தேவைப்படுகிறது.

ஏன் தேவை என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கீபோர்டு, ஒரு நண்பர் போதும். நீங்கள் ஒரு கட்டையில், அதாவது 'சி'யில், ஸட்ஜத்தைப் பிடித்து நில்லுங்கள். அசைக்காதீர்கள். நண்பர் முதலில் சி மேஜர் கார்டை வாசிக்கட்டும். உங்கள் ஸட்ஜம் ஸட்ஜமாகவே கேட்கும், வீடு வந்து சேர்ந்த மாதிரி. அடுத்து எஃப் மேஜர். நீங்கள் எதையும் மாற்றவில்லை. ஆனால் நீங்கள் பாடுவது இப்போது பஞ்சமமாகக் கேட்கிறது. அடுத்து ஏ மைனர்: அதே ஸ்வரம் சாதாரண காந்தாரம், சற்றே சோகம். அடுத்து ஏ ஃப்ளாட் மேஜர்: அதுவே அந்தர காந்தாரம், திடீரென்று வெளிச்சம். ஒரே ஸ்வரத்துக்கு நாலு முகம். இதைத்தான் ஜாஸ்காரர்கள் 'சேஞ்சஸ்' என்கிறார்கள். ஜாஸ் கலைஞனின் மனோதர்மத்தில் பெரும்பங்கு இந்த முக மாற்றத்தில்தான் நடக்கிறது. எந்த ஸ்வரத்தைப் பிடித்தால் அடுத்த கார்டில் அது என்னவாக மலரும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வாசிப்பது அது.

உங்களுக்கு இது அந்நியம் இல்லை. நீங்கள் கிரஹபேதம் கற்றவர்கள். கௌரிமனோஹரியின் மத்யமத்தை ஸட்ஜமாக வைத்தால் வாசஸ்பதி, பஞ்சமத்தை வைத்தால் சாருகேசி, ரிஷபத்தை வைத்தால் நாடகப்பிரியா. ஜாஸ் மாணவனும் இதே கௌரிமனோஹரியை 'மெலாடிக் மைனர்' என்ற பெயரில் வைத்துக்கொண்டு, அதன் ஏழு நிலைகளையும் பன்னிரண்டு சுருதியிலும் சாதகம் செய்கிறான். வாசஸ்பதி அவனிடம் 'லிடியன் டாமினன்ட்'; குறிப்பிட்ட வகைக் கார்டு வந்தால் கை தானாக அங்கே போகும். வித்தியாசம் என்னவென்றால், நாம் கிரஹபேதத்தை ராகம் தானம் பல்லவியில் ஒருமுறை காட்டி, கைத்தட்டு வாங்கி, பழைய ஸட்ஜத்துக்குத் திரும்பிவிடுகிறோம். ஜான் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பாட்டிலோ ஆதார ஸட்ஜமே மூன்று இடங்களுக்கு இடையில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் இரண்டு அடிக்கு ஒரு கார்டு என்ற வேகத்தில். அலங்காரமாக நாம் செய்வது அங்கே நடைபாதை.

அதே கோல்ட்ரேன் வேறொரு வழியும் திறந்துவைத்தார். 1959-இல் வந்த மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டில் கார்டுகளின் ஓட்டம் வெகுவாகக் குறைந்தது. ஒரே ஸ்வர வரிசையில் நீண்ட நேரம் நின்று வாசிக்கிற பாணி பிறந்தது. அதில் வாசித்த கோல்ட்ரேன் 1961-இல் 'இந்தியா' என்றே ஒரு உருப்படி வாசித்தார். ரவிசங்கரின் மேல் இருந்த மதிப்பால் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். நம் ராகங்களும் ஜாஸும் கைகுலுக்க முடிந்தது இந்தப் பக்கத்து வாசல் திறந்ததால்தான். ஃப்யூஷன் குழுக்கள் எல்லாம் இந்த ஒரே வாசலில்தான் இன்றும் முண்டியடிக்கின்றன. வீட்டுக்கு இன்னும் பத்து வாசல் இருக்கிறது.

"தோடிக்கு எப்படிக் கார்டு போடுவது?" என்று உடனே கேட்பீர்கள். போடாதீர்கள். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரம் இல்லை. அதன் அடியில் கீபோர்டின் அசையாத காந்தாரத்தை வைத்தால் இரண்டும் சண்டை போடும். ஸஹானாவுக்கும் வேண்டாம். ராகத்தின் தலையில் கார்டைக் கட்டாயமாகச் சுமத்துவதை நான் கேட்கவில்லை. அது கீபோர்டு வைத்துக்கொண்டு கிருதிகளைப் படுத்துகிறவர்கள் செய்யும் பாவம், அவர்கள் தனி ஜாதி. நான் கேட்பது வேறு. ஜாஸ்காரரின் பாட்டு ஒன்றை அதன் சொந்த இலக்கணத்தில் நீங்கள் பாடவும் வாசிக்கவும் கற்க வேண்டும். அவர் உங்கள் வர்ணத்தைக் கற்றமாதிரி.

எங்கே தொடங்குவது? ப்ளூஸில். ஜாஸின் மூலாதாரம் அது, வடிவமும் சின்னது. பன்னிரண்டு 'பார்', ஒவ்வொன்றிலும் நாலு எண்ணிக்கை. ஆதி தாளத்தில் போட்டால் மிகச் சரியாக ஆறு ஆவர்த்தனம். முதல் இரண்டு ஆவர்த்தனமும் ஸட்ஜத்தின் மேல் எழும் கார்டு. மூன்றாவது முழுக்க மத்யமத்தின் மேல். நாலாவது மறுபடி ஸட்ஜம். ஐந்தாவதில் முன்பாதி பஞ்சமம், பின்பாதி மத்யமம். ஆறாவதில் முன்பாதி ஸட்ஜம், பின்பாதி பஞ்சமம். அந்தப் பஞ்சமம் திரும்ப ஆரம்பத்துக்குத் தள்ளிவிடும். இதுதான் பழகிய உரு. இதிலேயே எண்ணற்ற மாற்றங்கள் உண்டு. நாற்பத்தெட்டு எண்ணிக்கை என்றதும் தாள வாத்தியக்காரர்களின் மூளை பதினாறு மூன்று என்று கோர்வை கட்ட ஆரம்பித்திருக்கும். தயவுசெய்து நிறுத்துங்கள். முதலில் மூன்றாம் ஆவர்த்தனம் பிறக்கிறபோது மத்யமம் வருவதை உடம்பு உணர வேண்டும். எண்ணிப் பார்த்து இல்லை, கேட்டு.

இதற்குத்தான் ஸ்ருதிப் பெட்டியை அணைக்கச் சொல்கிறேன். கைபேசியில் தம்புரா செயலியைப் போட்டுவிட்டு, அது பாட்டுக்கு ஸ-ப-ஸ என்று ஓட, அதன் மேல் கார்டு மாறும் பாட்டைப் பாட முயல்கிற கொடுமையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கார்டு நகரும்போது தம்புரா நகராது. உங்கள் காது தம்புராவைப் பிடித்துக்கொண்டு தொங்கும். பேஸ் சொல்வது காதில் ஏறாது. நமக்குத் தம்புரா தாய்மடி. பிறகு போய்ப் படுத்துக்கொள்ளலாம். ப்ளூஸ் கற்கிற அரைமணி நேரத்துக்கு பேஸ் வாசிப்பவர்தான் உங்களுக்கு ஸ்ருதி.

இன்னொன்று சொல்கிறேன், உற்சாகமாக இருக்கும். ப்ளூஸ் பாடகர்களின் காந்தாரம் சாதாரணமும் இல்லை, அந்தரமும் இல்லை; இரண்டுக்கும் இடையில் வழுக்குகிறது, அனுபவத்தைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. பியானோவில் அந்த ஸ்வரம் கிடையாது; பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை ஒருசேர அழுத்திப் பாவனை செய்கிறார்கள். உங்கள் தொண்டையில் அது இருக்கிறது. கமகம் பழகிய ஒருவர் ப்ளூஸின் உள்ளே போனால் அங்கே பிறந்தவர்களே திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் கார்டு மாறுகிற இடம் தெரிந்து பாடினால்தான் அந்தக் காந்தாரத்துக்கு அர்த்தம் வரும்.

தாளக்காரர்களோடு தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும். உங்களுக்குத்தான் உலகம் முழுக்க அழைப்பு வருகிறது. கொன்னக்கோல் இன்று சென்னையைவிட வெளியூர்களில் அதிக மரியாதையோடு கேட்கப்படுகிறது. அந்தப் பெருமையிலேயே ஒரு ஆபத்து இருக்கிறது. உங்களைக் கணக்குப் புலிகளாக மட்டும் அழைக்கிறார்கள், நீங்களும் கணக்கை மட்டும் காட்டிவிட்டு வருகிறீர்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளையும் பாலக்காடு மணி ஐயரும் இன்றும் பேசப்படுவது கோர்வைக்காக மட்டுமா? பாட்டுக்கு வாசித்ததற்காக. சர்வலகுவின் சுகத்துக்காக. எங்கே கும்கி, எங்கே மௌனம் என்று தெரிந்ததற்காக. ஜாஸில் 'கம்பிங்' என்று மெச்சுவது இந்தக் குணத்தையே. பாடகரின் அனுபல்லவி எடுப்புக்கு எப்படித் தயார் செய்து கொடுப்பீர்களோ, அப்படி முப்பத்திரண்டு பார் பாட்டில் நடுப்பகுதி வருகிறபோது அதைத் திறந்துவிட வேண்டும். பல ஜாஸ் பாட்டுகள் ஒரு பகுதியை இரண்டு முறை, பிறகு மாறுபட்ட நடுப்பகுதி, மறுபடி முதல் பகுதி என்று போகும். ஆதியில் பகுதிக்கு நாலு ஆவர்த்தனம். மிருதங்கக்காரர் இதைக் கவனிக்காமல் தன் மோராவை வைத்துக்கொண்டு நடுப்பகுதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால், கணக்கு எவ்வளவு சுத்தமாக எடுப்பில் விழுந்தாலும், பக்கத்தில் இருக்கும் பியானோக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சிரிப்பார்.

ஸ்விங் விஷயமும் அப்படித்தான். பிரித்த இரண்டு அட்சரங்களில் முதலாவது நீளம், இரண்டாவது குட்டை என்று சொன்னால் உடனே திஸ்ர நடை என்று முடிவு கட்டுகிறோம். அளந்து வைத்த திஸ்ரத்தை வாசித்தால் அது ஸ்விங் ஆகாது, திஸ்ரமாகத்தான் இருக்கும். காலம் விரைய விரைய அந்த நீளமும் குட்டையும் சமமாகிக்கொண்டே போகும். ஆளுக்கு ஆள் மாறும். சொல்லிக் கொடுக்க வராது. கேட்டுக் கேட்டு, கூடவே வாசித்துத்தான் வரும். நம் குருமார்கள் சர்வலகுவை எப்படிக் கொடுத்தார்களோ அப்படி.

"நம்மவர்கள் யாருமே அந்தப் பக்கம் போகவில்லையா?" என்றால், போனார்கள். பிரசன்னா ஐஐடி மெட்ராஸில் படித்தவர், கிட்டாரில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்பவர். பாஸ்டனின் பெர்க்லீ கல்லூரிக்குப் போய் ஜாஸையும் முறையாகக் கற்றார். நியூயார்க் மாநிலத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயரும் தபலா கலைஞர் நிதின் மிட்டாவும் அவரும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட 'தீர்த்தா' தட்டைத் தேடிக் கேளுங்கள். யார் யாருக்குப் பக்கவாத்தியம் என்றே சொல்ல முடியாது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு ருத்ரேஷ் மகந்தப்பா நம் கத்ரி கோபால்நாத்தோடு 'கின்ஸ்மென்' செய்தார். கன்யாகுமரி வயலின், பூவலூர் ஸ்ரீஜி மிருதங்கம். இரண்டு ஆல்டோ சாக்ஸஃபோன்கள்: ஒன்று ஜாஸில் வளர்ந்து ராகத்தை நோக்கி வந்தது, மற்றது கமகத்துக்காகத் தன்னையே திருத்திக்கொண்டது. மிக நல்ல தட்டு. ஆனால் என் கட்சிக்கு அது முழு சாட்சி இல்லை. கோபால்நாத் தன் இடத்தில்தான் நிற்கிறார், அதுவும் கம்பீரமாக. இரண்டு கரைக்கும் ஓடி ஓடிப் பாலம் கட்டுகிறவர் ருத்ரேஷ்தான்.

வெளிநாடு போக வேண்டும் என்பதும் இல்லை. மயிலாப்பூரில் சாயி லாட்ஜில் ஓர் அறையில் தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தார். பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா அங்கேதான் ஹார்மனியும் கவுன்டர்பாயின்ட்டும் கற்றார். 1986-இன் 'ஹவ் டு நேம் இட்' அந்தப் படிப்பின் விளைச்சல்களில் ஒன்று. அதில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் பிறகு மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் அமைத்து, கிருதிகளுக்கு அடியில் இன்னும் மூன்று தந்திக் குரல்களை ஓடவிட்டார். இதெல்லாம் ஜாஸ் இல்லை, தெரியும். சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் எத்தனையோ தலைமுறையாக நொட்டேஷன் படிக்கும் வயலின்காரர்கள் இருந்தார்கள். டிரினிட்டி தேர்வு எழுதுகிற பிள்ளைகள் இன்றும் அண்ணா சாலையில் நோட்டுப் புத்தகத்தோடு போய்க்கொண்டிருக்கிறார்கள். ஹார்மனி நம் ஊரில் இல்லாத சரக்கு அல்ல. சபாவுக்கும் ஸ்டூடியோவுக்கும் நடுவே நாம்தான் சுவர் எழுப்பிக்கொண்டோம்.

"நேரம் எங்கே? ஏற்பாட்டாளர் தருவது ஒரே ஒரு ஒத்திகை, அதுவும் கச்சேரி அன்றைக்கு மத்தியானம்" என்பீர்கள். உண்மை. அந்த ஒரு ஒத்திகையில் ஒரு ராகம், ஒரு கோர்வை, யாருக்கு எப்போது சோலோ என்பதைத்தான் முடிவு செய்ய முடியும். அப்படியானால் அந்த அழைப்பை ஏற்காதீர்கள், அல்லது அதை ஃப்யூஷன் என்று சொல்லாதீர்கள். சக்தியில் இருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் ஊர் ஊராகச் சுற்றி, விடுதி அறைகளில் வாசித்து, மூன்று ஆண்டுகளில் மூன்று தட்டு கொடுத்தார்கள். ஒரு மத்தியானத்தில் அது வராது.

"குருவுக்குத் தெரிந்தால் கோபிப்பார், பாடாந்தரம் கெடும்" என்றும் சிலர் தயங்குகிறீர்கள். பாடாந்தரம் அவ்வளவு எளிதில் கெடாது. பத்து பதினைந்து ஆண்டு சாதகத்தில் வந்த பைரவியை பன்னிரண்டு பார் ப்ளூஸ் கலைத்துவிடும் என்றால், அந்த பைரவி ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது என்று பொருள். கச்சேரி மட்டுமே செய்வேன் என்கிறவர்களுக்கு இந்த மடல் இல்லை. அவர்கள் வழி எனக்கும் உயிரானது. இரண்டு மேடையும் வேண்டும் என்று கிளம்பியிருக்கிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஆகவே இந்த ஆண்டு ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் குழுவில் இருக்கும் பேஸ் கலைஞரையோ பியானோ கலைஞரையோ வாரம் ஒருமுறை தேடிப் போங்கள். அவர் வீட்டுக்கு, அவருடைய பாட்டுக்கு, மாணவராக. தட்சிணை கொடுத்துப் படியுங்கள். அவரும் சாதகம் செய்து வந்தவர்தான். ஒரு ப்ளூஸ், ஒரு முப்பத்திரண்டு பார் பாட்டு, இரண்டும் உங்கள் கையில் ஏறட்டும். மார்கழிக்கு அடுத்து வரும் ஃப்யூஷன் மேடைகளில் அவற்றில் ஒன்றையாவது வையுங்கள், கார்டு மாற மாற மனோதர்மம் செய்யுங்கள், கடைசியில் கோர்வை இல்லாமல் முடியுங்கள். கைத்தட்டு குறையலாம். அறிவிப்பு வந்ததும் டிக்கெட் வாங்குகிறவர்களில் நான் முதல் ஆளாக இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்